அண்ணி மோந்து பார்த்த பூட்ஸ்

என் அண்ணி அந்தப் பூட்ஸைக் கையில் வாங்கியதும் முதலில் செய்த காரியம், அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்ததுதான். அப்புறம் கயிறு கட்டும் இடத்துக்குக் கீழே நாக்குபோலக் கிடக்கும் தோலைக் கட்டைவிரலால் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். மீனின் செவுளைத் தூக்கி ரத்தச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பாளே, அதே விரல், அதே பார்வை. அடியில் ஆணி அடித்துப் பொருத்தியிருந்த தோல் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தாள். பக்கவாட்டில் அமுக்கிவிட்டு, விழுந்த பள்ளம் மறுபடி எழும்புகிறதா என்று காத்திருந்தாள். தண்டையார்பேட்டைச் சந்து ஒன்றில், தோல் வாடை நிறைந்த அந்தச் சின்னப் பட்டறையில், பூட்ஸைத் தைத்த பாய் இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இன்னாம்மா, கொயம்பு வெக்கப் போறியா?" என்றார். அண்ணி சிரிக்கவில்லை. "நாத்தம் நல்ல நாத்தமாத்தான் கீது" என்றாள். அவள் வாயிலிருந்து வரக்கூடிய பாராட்டில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே கடலோரத்தில் இருந்தது எங்கள் குப்பம். அண்ணன் கட்டுமரத்தில் போய்ப் பிடித்து வரும் மீனை அவள் கூடையில் சுமந்து வண்ணாரப்பேட்டைப் பக்கம் தெருத்தெருவாக விற்று வருவாள். பேரம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கத்திரிக்காய்க்காரனிடம் பேரம் பேசுவாள், வளையல்காரனிடம் பேசுவாள், கோயில் வாசலில் சூடம் விற்கிறவனிடமும் பேசுவாள். ஆனால் கயிறு, வலை நூல், துடுப்பு என்று கடலுக்குப் போகிற சாமான் வாங்கும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, சாமானை இழுத்து, முறுக்கி, கடித்துக்கூடப் பார்த்து வாங்கி வருவாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "உங்க அண்ணன் அத்த நம்பித்தானே நிக்கிறாரு" என்றாள்.

என்னைப் பற்றிச் சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் மீனவன் வீட்டுப் பிள்ளை, ஆனால் கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. கட்டுமரம் அலையைத் தாண்டியதும் வயிறு கலங்கும். வலை போடும் இடத்தை அடைவதற்குள் முந்தின நாள் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அண்ணன் என்னைக் கூட்டிப் போனான், போகப்போகச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், சரியாகவே இல்லை. வாந்தி எடுத்துக்கொண்டே துடுப்புப் போடவும், வாந்தி எடுத்துக்கொண்டே வலை இழுக்கவும் கற்றுக்கொண்டேன். குப்பத்துப் பொடிசுகள் நான் போகும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து காட்டும். இருபது வயதில் அதைச் சகித்துக்கொள்வது லேசில்லை. ஆனாலும் கட்டுமரத்துக்கு இரண்டு ஆள் வேண்டும். இன்னொரு ஆளை வைத்தால் பிடித்ததில் பாதி அவனுக்குப் பங்காகப் போய்விடும். தம்பி என்றால் இரண்டு பங்கும் ஒரே வீட்டுக்கு. அதனால்தான் அண்ணன் என்னை விடவில்லை. அதில் அவன்மேல் தப்புச் சொல்ல முடியாது, நான் அவன் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

எனக்கு இருந்த ஒரே வழி கால்பந்து. குப்பத்து மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவன் நான். மணலில் ஓடிப் பழகியவனைக் கெட்டித் தரையில் விட்டால் பிடிக்க ஆள் கிடையாது. திருவொற்றியூர்ப் பக்கம் இரும்புச் சாமான் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. கடல் சரியில்லாத நாட்களில் அதன் கேட்டில் போய் நின்றால் தினக்கூலி கிடைக்கும். அந்தக் கம்பெனிக்கு ஒரு கால்பந்து டீம் உண்டு. டீமில் இடம் பிடித்தவனுக்கு வேலை நிரந்தரம். இதை நிர்வகித்தவர் கம்பெனியின் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று கேட்டில் உட்கார்ந்து பார்ப்பது அவர் உத்தியோகம், கால்பந்து அவருக்கு உயிர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஆடியதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டார். "உன் கால்ல சரக்கு இருக்குப்பா. ஆனா வெறுங்காலா வராதே. போன வருஷம் ஒருத்தன் கட்டைவிரல் ஒடிஞ்சு போச்சு, துரை கண்டிப்பா சொல்லிட்டாரு. அடுத்த மாசம் ஆள் எடுக்கிறோம். பூட்ஸோட வா" என்றார். என் வாழ்க்கை நிலத்தில் ஓடப்போகிறதா கடலில் ஆடப்போகிறதா என்பது ஒரு ஜோடி பூட்ஸில் வந்து நின்றது.

அப்போது யுத்தம் முடிந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன சாமான்கள் மூர் மார்க்கெட்டில் மலைபோலக் குவிந்து கிடந்தன. கம்பளி, பெல்ட், தண்ணீர்க் குடுவை, பூட்ஸ், அவர்கள் விளையாடிய பந்துகள், எல்லாம் சீமைச் சரக்கு, எல்லாம் அடிமாட்டு விலை. சுதந்திரம் வந்துவிட்டது என்று கொடியேற்றி மிட்டாய் தின்ற நாங்களே சீமைச் சாமான் என்றால் வாயைப் பிளந்தோம். நம் ஊரில் செய்தது என்றால் அது ஏழைக்கு, சீமையில் செய்தது என்றால் அது நிஜம். இந்த நினைப்பு யார் சொல்லிக்கொடுத்து வந்ததோ தெரியாது. எங்கள் குப்பத்து டீமின் கோல்கீப்பர் எனக்கு நெருங்கிய தோஸ்து, அவனும் கம்பெனியில் சேர ஆசைப்பட்டவன்தான். அவன் ஒருநாள் மூர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தான். "மெய்யாலுமே சீமை சரக்கு மாமு! உள்ள இங்கிலீசுல எய்திகீது பாரு!" என்று காட்டினான். பூட்ஸ் பளபளவென்று இருந்தது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நானும் அதேபோல் ஒன்று வாங்கிவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இத்த யாரு தச்சது?" என்று கேட்டாள்.

"சீமைல தச்சது அண்ணி" என்றான் கோல்கீப்பர்.

"அது தெரியுது. யாரு தச்சது?"

"அது எப்டித் தெரியும்?"

"நாளிக்குப் பிஞ்சிகினா யாராண்ட போயி கத்துவே?"

"விக்கிறவனாண்டதான்."

"அவனா தச்சான்? காத்தால கொட்டி வெச்சி சாயந்தரம் மூட்ட கட்டிகினு போறவன் அவன். சீமைக்காரனாண்ட சண்ட போடணும்னா கப்பல்ல போவணும். என்னாண்ட கப்பலுக்குத் துட்டு இல்ல நைனா" என்று சொல்லிவிட்டு மறுபடி கருவாட்டைப் புரட்டப் போய்விட்டாள்.

அந்த நாளில் மேடைக்கு மேடை உள்நாட்டுச் சாமானை வாங்குங்கள் என்று பேசினார்கள். தேசம், தொழில், மானம் என்று நல்ல நல்ல காரணங்கள் சொன்னார்கள். நானும் கைதட்டியிருக்கிறேன். ஆனால் என் அண்ணி சொன்ன காரணத்தை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. செய்தவன் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், தப்பாகிப் போனால் அவன் வாசலில் நின்று கத்த முடிய வேண்டும். கத்துவதற்கு ஒரு முகம் இல்லாத சாமானை அவள் வாங்க மாட்டாள். பாயின் பட்டறையை அவளே விசாரித்துக் கண்டுபிடித்தாள். யுத்த காலத்தில் கான்ட்ராக்டரிடம் பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைத்தவர், இப்போது ராயபுரத்து ரயில்வேக்காரர்களுக்குக் கால்பந்து பூட்ஸ் தைக்கிறார் என்று மீன் வாங்குகிற வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பாய் சொன்ன விலை மூர் மார்க்கெட் விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி பேரத்தை ஆரம்பிப்பாள், பாய் பாவம் என்று நினைத்தேன். அவளோ, "சரி பாய். ஒண்ணு சொல்றேன். தோலு ஒட்டுப் போடாம ஒரே துண்டுல வேணும். அடிய ரெட்டத் தையலாப் போடு, அதுக்கு இன்னா உண்டோ கேளு, தரேன். தப்பாச்சின்னா வாசல்ல வந்து நின்னு கத்துவேன்" என்றாள். பாய் தலையை ஆட்டி, "தாராளமா கத்தும்மா. தொயுற நேரத்துல மட்டும் வாணாம்" என்றார். மீன்காரப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஜட்கா வண்டி பேசி, கூடைகளை ஏற்றிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போவது வழக்கம். அந்த ஜட்காவில் தன் பங்குக்காக அண்ணி சேர்த்து வைத்திருந்த பணம் அது. பூட்ஸ் வாங்கியபிறகு அந்த வருஷம் முழுக்க அவள் கூடையோடு நடந்தே போனாள்.

அளவெடுக்கும்போதுதான் கோளாறு நடந்தது. பாய் ஒரு பெரிய காகிதத்தைத் தரையில் விரித்து, "ஏறி நில்லு நைனா" என்றார். நான் சாதாரணமாக ஏறி நின்றேன். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "இன்னா இப்டி சொங்கி மாதிரி நிக்கிறே? ஓடும்போது இப்டியா நிப்பே? மரத்துல நிக்கிற மாதிரி கெட்டியா ஊனி நில்லு" என்று அதட்டினாள். கட்டுமரம் என்பது சேர்த்துக் கட்டிய நாலைந்து கட்டைகள்தான். பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது, அலை மேலேயே ஏறி இறங்கும். கையில் துடுப்பு இருப்பதால் கை செய்ய வேண்டிய வேலையைக் கால்விரல்கள் செய்யும். முழங்காலை மடக்கி, பாதத்தைப் பரப்பி, ஐந்து விரலையும் விரித்துக் கட்டையைக் கவ்விக்கொண்டு நிற்போம். எங்கள் குப்பத்தில் கெட்டியாக நில் என்றால் நண்டு சிண்டெல்லாம் அப்படித்தான் நிற்கும். நானும் நின்றேன். அண்ணி திருப்தியாகத் தலையாட்டினாள். பாய் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, கால்ல கை மொளச்சிகீது!" என்றார். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தார், பென்சிலால் சுற்றி வரைந்தார்.

பூட்ஸ் வந்தது, அண்ணி மோந்து பார்த்தாள், வாங்கி வந்தோம். அன்று சாயந்தரமே மணலை விட்டு ரோட்டோரத்துக் கெட்டித் தரையில் போட்டுக்கொண்டு ஓடினேன். கயிற்றை எவ்வளவு இறுக்கினாலும் என் கால் ஒரு பக்கம் திரும்பியது, பூட்ஸ் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. பந்தை உதைத்தால் பந்தோடு பூட்ஸும் கிளம்பப் பார்த்தது. வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்கி, "துட்டு ஜாஸ்தி குடுத்தாளே, ரெண்டு காலும் ஒண்ணுலயே போவும்போல கீதே" என்றான். குப்பமே சிரித்தது. சீமைப் பூட்ஸை மாட்டிக்கொண்டு நின்ற கோல்கீப்பரும் சிரித்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆள் எடுக்கும் ஆட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பூட்ஸோடு போனால் அந்த ஞாயிறு இரவே அண்ணனோடு கடலுக்குப் போக வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் அண்ணி வியாபாரத்துக்குப் போகிற வழியில், தலையில் கூடை, பின்னால் நான், என் கையில் பூட்ஸ் என்று பட்டறைக்குப் போனோம். கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். அவள் பேசியதில் பாதியைத்தான் இங்கே எழுத முடியும். "நல்லவருன்னு நம்பி வந்தேனே பாய்! கேட்ட துட்டக் குடுத்தேனா இல்லியா? இது காலுக்குத் தச்சதா, கத்தரிக்கா மூட்டைக்குத் தச்சதா? நாயித்துக்கெயம உங்க வூட்டு ஆளா வந்து ஓடப்போறான்? புள்ள பொயப்பு கெட்டா யாரு பதில் சொல்றது?" சந்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பாய் கையிலிருந்த ஊசியை வைத்துவிட்டு அவள் முடிக்கும்வரை கேட்டார். "கத்தி முட்சிட்டியாம்மா?" என்று கேட்டார். பிறகு மாடத்திலிருந்து பழைய அளவுக் காகிதத்தை எடுத்து விரித்து, என்னிடம், "டீக்கடையில நிப்பியே நைனா, டீ வர்ற வரிக்கும், அப்டி நில்லு" என்றார்.

நான் அப்படி நின்றேன். பாய் பென்சிலால் மறுபடி சுற்றி வரைந்தார். என்னை இறங்கச் சொல்லிவிட்டுக் காகிதத்தை அண்ணி பக்கம் திருப்பி வைத்தார். முதல் கோட்டுக்குள்ளே இரண்டாம் கோடு, சுற்றிலும் நல்ல இடைவெளி விட்டு, வேறு யாரோ ஒருவனுடைய காலைப்போலக் கிடந்தது. அண்ணி வெகுநேரம் பார்த்தாள். அவள் வாய் மூடியதை அந்தச் சந்து அன்றுதான் பார்த்திருக்கும். "நாந்தான் பாய். எங்கண்ணுக்கு மரந்தான் தெரிஞ்சிது" என்று மெதுவாகச் சொன்னாள். உடனே சுதாரித்துக்கொண்டு, "அளவெடுக்கும்போதே உனக்குத் தெரியலியா?" என்று கேட்டாள். "சந்தேகம் வந்திச்சிம்மா. கேக்கலாம்னு வாயத் தொறந்தேன். நீ நின்ன நெலயப் பாத்துட்டு மூடிகினேன்" என்றார் பாய். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணியும் சிரித்தாள், கண்ணில் நீர் வருகிறவரை.

பாய் பூட்ஸின் அடியைப் பிரித்து, மேல்தோலைச் சின்ன மர அச்சில் இழுத்துப் போர்த்தி, மறுபடி தைத்துக் கொடுத்தார். அண்ணி கேட்டு வாங்கிய ரெட்டைத் தையலைப் பிரிப்பதற்குள் தன் பாதி உயிர் போய்விட்டது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அதற்குக் கூலி வேண்டாம் என்றார், அண்ணி விடவில்லை. தப்பு எங்களுடையது, நீ ஏன் சும்மா செய்கிறாய் என்று அதற்கு ஒரு சண்டை. கடைசியில் வாடிக்கை வீட்டுக்கு என்று கூடையின் அடியில் ஒளித்து வைத்திருந்த வஞ்சிரத்தை எடுத்து அவர் பட்டறைப் பலகைமேல் வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். சனிக்கிழமை நான் போய்ப் பூட்ஸை வாங்கி வந்தேன். இந்தத் தடவை அது என் காலைப் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை இன்றைக்கும் என் கால் மறக்கவில்லை. முதல் கொஞ்ச நேரம் கால்கள் இரண்டும் காது அடைத்துப்போன மாதிரி இருந்தன, தரை சொல்வது கேட்கவில்லை. முந்தின நாள் பெய்த மழையில் மைதானம் சேறாகியிருந்தது. பந்து தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனத்தது. வெறுங்காலாக இருந்திருந்தால் அதைத் தூரமாக உதைத்திருக்கவே முடியாது. கம்பெனியின் பழைய ஆட்டக்காரர் ஒருவர், ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், ஓடி வந்து தன் முழு எடையோடு என் வலது காலை மிதித்தார். உள்ளே விரல்களை அசைத்துப் பார்த்தேன், ஐந்தும் அசைந்தன. அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. வலது ஓரமாகவே ஓடினேன், நான் தள்ளிக் கொடுத்த பந்து இரண்டு தடவை கோலானது. மறுபக்கத்தில் நின்ற கோல்கீப்பரின் சீமைப் பூட்ஸ் பாதி ஆட்டத்தில் தையல் விட்டு முன்பக்கம் வாயைத் திறந்தது. பல வருஷம் கிடங்கில் கிடந்த நூல், சேற்றில் நனைந்ததும் போய்விட்டது. "நம்ம பூட்ஸு சிரிக்குது மாமு" என்று அவன் அப்போதும் கிண்டல் பண்ணினான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடப் போனவனை டைம்கீப்பர் வெளியே அனுப்பிவிட்டார். பூட்ஸால் மட்டும் அவன் போனான் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்குள் மூன்று கோல் விட்டிருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் டைம்கீப்பர் என்னிடம் வந்து, "நாளைக்குக் கேட்டுல வந்து நிக்காதே. நேரா ஆபீஸுக்கு வா" என்றார். நான் பூட்ஸோடேயே குப்பம்வரை ஓடி வந்தேன். அண்ணி ஆட்டத்துக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீனுக்கு நல்ல கிராக்கி, அவள் எப்படி வருவாள்? அவள் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன். சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்து, "கயிட்டித் தொடச்சி வெய்யி, சேறு காஞ்சா தோலு வெடிக்கும்" என்றாள். அண்ணன் வலையிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்போ மரத்துக்கு ஆளு பாக்கணும்" என்றான்.

அந்த வேலையில்தான் நான் கல்யாணம் செய்தேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், பென்ஷன் வாங்குகிறேன். அந்தப் பூட்ஸை எத்தனையோ தடவை அடி மாற்றித் தைத்துக்கொண்டேன், எல்லாம் பாயிடமேதான். இப்போது பேரன் பந்து விளையாடுகிறான். சென்ற வாரம் அவனுக்கு ஷூ வாங்கக் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை ஒன்றுக்குப் போனோம். சுவர் முழுக்க ஷூ, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தேசத்தின் பெயர். விலையைக் கேட்டதும் என் மகன் பின்வாங்கினான். அடுக்கில் கீழே, நம் நாட்டிலேயே தைத்தது ஒன்று, மலிவாக இல்லாமல் அதுவும் நல்ல விலையில் இருந்தது. நான் அதை எடுத்து நாக்கைத் தூக்கிப் பார்த்தேன், தையலை இழுத்துப் பார்த்தேன், வாங்கிக் கொடுத்தேன். பேரனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மகனுக்கு என்மேல் கோபம். எனக்கு அவர்கள் இரண்டு பேர்மேலும் வருத்தமில்லை, மலிவாக வாங்க ஆசைப்படுவது பெரிய குற்றமா? நானும் ஆசைப்பட்டவன்தான். ஆனால் அண்ணி பூட்ஸுக்குக் கொடுத்த விலையைப் பற்றி நினைக்கும்போது, பாயின் பட்டறையில் கொடுத்தது அதில் ஒரு சின்னப் பங்குதான் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டது வேலை நிரந்தரமாகி நான் முதல்நாள் கிளம்பிய அன்றைக்கு.

எனக்கு மத்தியான ஷிப்டு. கம்பெனி கொடுத்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகலாம் என்று கரைக்குப் போனேன். அண்ணனின் மரம் அப்போதுதான் வந்து ஏறியிருந்தது. கூட இறங்கியவன் என் தோஸ்து கோல்கீப்பர். அண்ணன் அவனைத்தான் துணைக்குச் சேர்த்திருந்தான். வாந்தி எடுக்காத ஆள் கூட வந்ததில் மீன்பாடு நன்றாகவே இருந்தது, மணலில் கொட்டிய மீன் துள்ளிக்கொண்டிருந்தது. அண்ணி உட்கார்ந்து பங்கு பிரித்தாள். வெளி ஆளின் பங்கை எல்லோரும் பார்க்க முதலில் எடுத்து வைப்பது எங்கள் கரையின் முறை. பெரிய மீனாகப் பார்த்து அவன் குவியலில் வைத்தாள். இருந்த ஒரே வஞ்சிரத்தையும் அங்கேயே வைத்தாள். அண்ணன் அதை ஒரு பார்வை பார்த்தான். "பங்குன்னா பங்குதான்" என்றாள். சரியாகப் பாதி மீன் கோல்கீப்பர் வீட்டுக்குப் போனது. இனிமேல் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் போகும். மீன் விற்றே பிழைத்தவளுக்கு, பட்டறையில் கால் வைப்பதற்கு முன்னாலேயே அந்தக் கணக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்துதான் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

மிச்ச மீனை அவள் கூடையில் அள்ளிப் போட்டாள். கரையில் ஆள் இருந்தால் கூடைக்கு ஒரு கை கொடுப்பார்கள். நிறைந்த கூடையைத் தலையில் ஏற்ற இரண்டு பேராவது வேண்டும், எத்தனையோ நாள் காலையில் அண்ணனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவள் தலையில் ஏற்றிவிட்டிருக்கிறோம். நான் பழக்கத்தில் குனிந்து கையை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டாள். "வாணாம், சட்ட கலீஜாவும். கம்பெனில சங்கு ஊதப்போறான், இன்னா நின்னுகினு கீறே? போ நைனா" என்றாள். சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, கூடையை ஒருத்தியாகவே தூக்கி, ஒரே வீச்சில் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அவ்வளவு லேசாக இருந்தது கூடை.